பவளப்பாறையில் மாப்பிள்ளை பார்த்த கதை

பெண் பார்க்கும் வைபவத்துக்குப் போகிற தாய்மாமன் பட்டு வேட்டி எடுத்து வைப்பான். என் தங்கை கோமதியோ போனில், "அண்ணே, நீச்சலடிக்கிற கால்சட்டை ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்துரு" என்றாள். தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயது வரை எனக்கு அப்படியொரு கால்சட்டை தேவைப்பட்டதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. உப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்குக் கடலோடு உள்ள உறவு அது காய்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், "கடல்காரன் நீ கூட இருக்கேன்னுதான் எனக்குத் தைரியம்" என்று சொல்லிவிட்டாள். புகழ்கிறவர்களைக் குறுக்கே மறிப்பது எனக்குப் பழக்கமில்லை.

விஷயம் இதுதான். கோமதி கல்யாணமாகி மலேசியாவில் கிள்ளானுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய ஒரே மகள் யாழினி சுபாங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறாள். இதுவரை நாலு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் பெண் உயரம் அதிகம், ஒரு வீட்டுக்கு நிறம் கம்மி, ஒரு வீட்டுக்குச் சம்பளம் மாப்பிள்ளையைவிடக் கூடுதல். நாலாவது வீட்டுக்காரர்கள் காரணம்கூடச் சொல்லவில்லை. ஐந்தாவதாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு ஜாதகம் பத்துப் பொருத்தத்தில் எட்டோடு வந்தபோது யாழினி ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டுக்கு யாரும் வரவேண்டாம். இரண்டு குடும்பமும் ஒரு நாள் பவளப்பாறை இருக்கிற தீவுக்குப் போய் ஸ்னார்க்கலிங் செய்வோம். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, வாயில் ஒரு குழாய். கடலில் கவிழ்ந்து மிதந்துகொண்டே அடியில் இருப்பதைப் பார்க்கிற விளையாட்டு அது.

"நாலு தடவை அவங்க என்னைப் பார்த்தாங்க மாமா. இந்தத் தடவை நான் பார்க்கணும். தண்ணில இறங்குனா ஆளு எப்படின்னு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம்தான் சரியா வேணாமான்னு சொல்லுவேன்" என்றாள் என்னிடம் போனில். போகாவிட்டால் என்ன என்று கேட்டேன். "பார்க்காமலே வேணாம்னு சொல்லிடுவேன் லா, ஈஸி."

ஆடி பிறக்க இன்னும் இரண்டு சனிக்கிழமைகள்தான் இருந்தன. ஆடி வந்தால் பேச்சு நின்றுவிடும், நின்ற பேச்சு ஆவணியில் தொடர்வது சந்தேகம். கோமதி பாதி உடம்பாகியிருந்தாள். இந்த நிலையில்தான் நான் கால்சட்டையோடு வந்து இறங்கினேன்.

விமான நிலையத்துக்கு என் மாப்பிள்ளை சேகரன் வந்திருந்தார். தங்கையின் கணவர், கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நாலு தட சாலையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. எங்கள் ஊரில் தூங்கிப்போன பயணியை எழுப்புவதற்கென்றே பஸ்காரர் அடிப்பார். சேகரன் ஓரமாக நிறுத்தி, இலையில் மடித்த நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, சிவப்பாக ஒரு சம்பால். சம்பாலை நம் ஊர்த் துவையல் என்று நினைத்து மொத்தமாகப் பிசைந்துவிட்டேன். கிள்ளான் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், நான் கண்ணீரை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் சந்திப்பு. எந்தத் தீவு என்று முடிவு செய்ய இரண்டு குடும்பமும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் கூடுவதாக ஏற்பாடு. கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் போனோம். கூட்டத்தில் நான் மட்டும் பின்தங்கி, திறந்திருந்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். அடடா, என்ன மரியாதையான ஊர், இவ்வளவு பெண்கள் இருந்தும் எனக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். எதிரே முக்காடு போட்ட ஓர் அம்மா ஜன்னலைச் சுட்டிக் காட்டினார். நானும் வெளியே பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றேன். அவர் காட்டியது ஜன்னலில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு அறிவிப்பை. அது பெண்கள் பெட்டி. அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து கேட்ட சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மாப்பிள்ளைப் பையன் தினேஷ் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபட வேலை செய்கிறவர். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அமைதியாக இருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. கடைப் பரிமாறுபவர் முதல் பக்கத்து மேஜைக்காரர் வரை எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அரை மணியில் நானும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அந்தக் குரலுக்கு முன் வேறு எதுவும் வாயில் வராது.

மொறுமொறுவென்று பாகற்காய் வறுவல் வந்தது. அதைக் கொறித்துக்கொண்டே யாழினி போனில் படங்களை ஓட்டிக் காட்டினாள். வடக்கே கெடா பக்கம் பாயார் தீவு. கிழக்கே திரங்கானு பக்கம் காப்பாஸ் தீவு. இரண்டிலும் குடும்பமாகப் போய்வர ஒரு நாள் பயணம் உண்டு. படகு, கண்ணாடி, மிதவைச் சட்டை, மதியச் சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுப்பார்கள்.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று தினேஷைக் கேட்டாள்.

"எதுன்னாலும் ஓகேங்க" என்றார் தினேஷ். ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

யாழினியின் புருவம் ஏறியது. கோமதி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

"வர்ற சனிக்கிழமை தம்பிக்குச் சந்திராஷ்டமம்" என்றார் டீச்சர், ரசத்தை இலையில் வாங்கியபடி. "அன்னிக்குப் புது ஆளுங்களைப் பார்க்கிறதும் கூடாது, தண்ணில கால் வைக்கிறதும் கூடாது."

அதற்கு அடுத்த சனிக்கிழமை என்று பேச்சு நகர்ந்தது. ஞாயிறு ஆகாது, யாழினிக்கு ஞாயிறுகளில் வேலை. அவள் அங்கேயே போன் போட்டுப் பார்த்தாள். பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அந்தச் சனிக்கிழமை பாயாருக்கு இடமில்லை. காப்பாஸுக்கு மட்டும் இருந்தது.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்" என்றார் டீச்சர்.

வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு திசைக்குச் சூலம். அந்தத் திசையில் புறப்பட்டுப் போனால் காரியம் கெடும் என்பது நம்பிக்கை. திரங்கானு கோலாலம்பூருக்குக் கிழக்கே இருப்பதை யாரும் மாற்ற முடியாது. டீச்சர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் அன்றைக்குத் தப்பாகப் புரிந்துகொண்டேன். பெண் வீட்டை மட்டம் தட்டிவிட்ட சந்தோஷம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த வார நடுவில் சேகரன் ஒரு சமரச யோசனை சொன்னார். "எதுக்கு மச்சான் அவ்ளோ தூரம்? நம்ம கிள்ளான்லயே கேத்தாம் தீவு இருக்கே. தீவுன்னா தீவுதானே?" எங்களை மட்டும் படகில் கூட்டிப் போய்க் காட்டினார். அருமையான தீவு. சேற்றின் மேல் கால் நட்டு நிற்கிற மரவீடுகள், நெருக்கமான சந்துகளில் சைக்கிள் ஓட்டும் சீனப் பாட்டிமார், வாய்க்கு ருசியான நண்டு. தண்ணீர்தான் பால் குறைந்த டீ நிறத்தில் இருந்தது. இதில் கண்ணாடி போட்டுக் கவிழ்ந்தால் மாப்பிள்ளையையும் பார்க்க முடியாது, மீனையும் பார்க்க முடியாது. "இங்க இறங்குனா உடம்புதான் அரிக்கும் டேடி" என்றாள் யாழினி. சேகரன் இன்னொரு தட்டு நண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி அழுதாள். "அவங்களுக்கு இஷ்டமில்லண்ணே. சூலம் அது இதுன்னு நாளைக் கடத்துறாங்க. இவளும் பிடிவாதத்தை விடமாட்டா. இதுவும் போச்சுன்னா இனி நான் யாரு முகத்துல முழிப்பேன்?" சின்ன வயதில் பொம்மை உடைந்ததற்கு அழுத அதே அழுகை. எனக்குப் பொறுக்கவில்லை. சூலத்தைக் காட்டி என் தங்கையை அழ வைப்பதா? உப்பு மண்டியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவனிடமா பஞ்சாங்கம்?

தங்கைக்குப் பரிசாக நான் கொண்டுவந்திருந்த தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினேன். தாளில் அச்சடித்தே இருந்தது: சனி, சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். உடனே டீச்சருக்குப் போன் செய்தேன்.

"தயிர் சாப்பிட்டாத் தம்பிக்குச் சளி பிடிக்கும் அண்ணே" என்றார்.

"அப்ப வெள்ளிக்கிழமையே கிளம்பிருவமே டீச்சர்? வெள்ளிக்குச் சூலம் மேற்குதான்."

"வெள்ளிக்கிழமை விளக்கேத்தாம வீட்டைப் பூட்டுறதா? நல்லா இருக்கே."

வெள்ளத்தனைய மலர்நீட்டம் என்பார்கள். எதிராளியின் உயரத்துக்கு நானும் வளர்ந்தேன். "அப்படீன்னா பரஸ்தானம் வச்சிருவோம்" என்றேன்.

எங்கள் மண்டியில் இது தினசரி நடக்கிற வேலை. லாரி கிளம்பவேண்டிய நாள் சரியில்லை என்றால், நல்ல நாள் பார்த்து ஓட்டுநரின் துண்டை முன்னாலேயே பைபாஸ் டீக்கடையில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். துண்டு கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பிவிட்டது என்று கணக்கு. பிறகு லாரி எந்த நாளில் போனாலும் அது பாதி வழியிலிருந்து தொடர்வதுதான். சூலம் ஒன்றும் கேட்காது. டீச்சருக்கும் இந்த வழக்கம் தெரிந்திருந்தது, மறுக்க முடியவில்லை. "செய்ங்க" என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை நல்ல ஓரையில் நானும் யாழினியும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கீழே நின்றோம். தினேஷ் ஒரு பையைக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு துண்டு, ஒரு சட்டை. பையை என்னிடம் கொடுக்கும்போது அவர் விரல்கள் பிடியை விடவே இல்லை. கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கினேன். போன் ஆப்பில் கூப்பிட்ட வாடகைக் கார் வந்தது. பையைப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினோம். மலாய்க்கார ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். யாழினி சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "ஆள் எங்கேன்னு கேட்கிறாரு." பை மட்டும்தான் போகிறது, ஆள் சனிக்கிழமை வருவார் என்று சொல்லச் சொன்னேன். ஓட்டுநர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து பையைத் திறந்து பார்த்து, திருப்தியாகி, அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்பினார். மலேசியர்கள் விதிகளை மதிக்கிறவர்கள்.

பை போய்ச் சேரவேண்டிய இடம் கோம்பாக். கிழக்கே போகிற நெடுஞ்சாலை அங்கேதான் தொடங்குகிறது. அங்கே சேகரனோடு வேலை பார்க்கும் முனியாண்டி என்பவர் வீடு. சற்று நேரத்தில் அவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். "அண்ணே, ஆளே இல்லாம ஒரு பை வந்திருக்கு. உள்ள என்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. பயணம் இருக்கு. தரையில வைக்காதே."

சனிக்கிழமை இருட்டோடு இரண்டு கார்களில் கிளம்பி, கோம்பாக்கில் பையை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையைத் தாண்டினோம். கிழக்குக் கரை வேறு நாடு மாதிரி இருந்தது. வீடுகளுக்கு நடுவே தென்னையும் மாடுகளும். மாராங் படகுத்துறையில் காலைச் சாப்பாடு நாசி டாகாங் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்போடு. டீச்சர் சனிக்கிழமை அசைவம் தொடமாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை எல்லோருக்கும் பகிர்ந்தார். தினேஷ் எதையும் தொடவில்லை.

காப்பாஸ் தீவு கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். படகு கொஞ்சம் துள்ளியது. சேகரன் புறப்பட்ட வேகத்திலேயே தலை சுற்றிப் படுத்துவிட்டார். தீவின் ஓரமாக, கடல் கண்ணாடி மாதிரி நின்ற ஓர் இடத்தில் படகுக்காரர் நங்கூரம் போட்டார். எட்டிப் பார்த்தேன். அடியில் மூளை மாதிரி, மான்கொம்பு மாதிரி, முட்டைக்கோஸ் மாதிரி என்னென்னவோ. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் இந்தப் பவளப்பாறையை வெட்டிக் கொண்டுவந்து சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலேயே கொஞ்சம் இருக்கும். உயிரோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு அழகான ஒன்றின் மேல் ஆணியடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறோமே என்று இருந்தது.

படகுக்காரர் எல்லோருக்கும் மிதவைச் சட்டையும் கண்ணாடியும் குழாயும் கொடுத்தார். பிறகு என்னைக் காட்டி மலாயில் ஏதோ சொன்னார். யாழினி உற்சாகமாக, "மாமா, கடல்காரர் முதல்ல குதிக்கட்டுமாம்" என்றாள். மரியாதை முதலில் மாப்பிள்ளைக்குத்தான் என்று கைகாட்டினேன். எல்லோருடைய கண்களும் தினேஷ் பக்கம் திரும்பின. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"ராகு காலம்" என்றார் டீச்சர் திடீரென்று. "ராகு காலம் முடியட்டும்."

நான் விடுவேனா? "டீச்சர், ராகு காலமெல்லாம் தரையில நிக்கிறவங்களுக்குத்தான். கடலுக்குக் கிடையாது. எங்க ஊர்ல எந்த மீனவரும் பார்க்கிறதில்லை" என்று அடித்துவிட்டேன். இது சுத்தப் பொய். எங்கள் ஊரில் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதில் கோபம் இல்லை. போக்கிடம் இல்லாதவர்களின் பார்வை அது.

தினேஷ் கண்ணாடியைக் கழற்றினார். "போதும்மா" என்றார். பிறகு யாழினியைப் பார்த்து, "எனக்குத் தண்ணின்னா பயங்க. சின்ன வயசுலேர்ந்தே. ஆத்துல ஒரு தடவை முங்கிட்டேன். நீங்க தண்ணிலதான் பார்க்கணும்னு சொன்னீங்க. பார்க்கிறதுக்கு முன்னாடியே ஓடிப்போனா நல்லா இருக்காதுன்னு வந்தேன். ஆனா என்னால இறங்க முடியாது" என்றார். ஒரு கையால் படகின் கம்பியைப் பிடித்திருந்தார். சொற்கள் நடுங்கவில்லை.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பெத்தவ வாயால எப்படிம்மா சொல்றது, என் பிள்ளைக்குப் பயம்னு? இவன் சொல்லவும் மாட்டான், நீ எங்க கூப்பிட்டாலும் சரின்னு வந்து நிப்பான். அதான் சூலத்து மேல பழியைப் போட்டேன். இந்த அண்ணன் ஒவ்வொண்ணுக்கும் பரிகாரம் வச்சிருந்தாரு."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். நான் கெட்டிக்காரத்தனமாக ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கியிருக்கிறேன். தயிரும் துண்டும் சொல்லி அந்தப் பையனைக் கடல் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தது நான்தான். வெட்கமாக இருந்தது.

கோமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். யாழினி அவரைப் பார்த்து, "சரி" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொத்தென்று கடலில் குதித்துவிட்டாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேலையை அவிழ்த்து மடித்து என் மடியில் வைத்தார். உள்ளே முழங்கால்வரை நீச்சல் உடுப்பு! "நான் போர்ட் டிக்சன் கடலோரத்துல வளர்ந்தவ அண்ணே. இவ்ளோ தூரம் வந்துட்டு நனையாமப் போறதா?" என்று சொல்லி, யாழினி பின்னாலேயே இறங்கி, தவளை மாதிரிக் காலை உதைத்துக்கொண்டு போய்விட்டார். கோமதி ஏணியின் கடைசிப் படியில் நின்று கணுக்கால் வரை நனைத்துக்கொண்டாள். ஒவ்வொரு அலைக்கும் ஒரு முருகா.

"தம்பி தனியா இருக்க வேணாம். நான் துணைக்கு இருக்கேன்" என்று பெருந்தன்மையாக அறிவித்தேன்.

தினேஷ் என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "அங்கிள், உங்களுக்கும் நீச்சல் தெரியாதுதானே?"

"யாரு சொன்னா?"

"வரும்போது ரெண்டு பேரும் ஒரே கம்பியைத்தான் பிடிச்சிக்கிட்டு வந்தோம்."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அங்கிள். அந்தப் பையைக் கொடுக்கும்போதுதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு" என்றார். பிறகு இருவரும் மீதிப் புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். அவருக்கு நல்ல பசி.

கொஞ்ச நேரத்தில் படகின் ஓரத்தில் யாழினியின் தலை முளைத்தது. குழாயைத் துப்பிவிட்டு, "பச்சையா ஒரு மீனுங்க. பல்லு கிளி மூக்கு மாதிரி. பாறையைக் கடிக்குது. கறுக்கு கறுக்குன்னு சத்தம் கேட்குது!" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. தினேஷிடம் சொன்னாள். "சத்தம் தண்ணிக்குள்ள எப்படிக் கேட்கும்?" என்று கேட்டார் அவர். "இருங்க, பார்த்துட்டு வரேன்" என்று முங்கினாள். திரும்பி வந்து, ஆமை பார்த்தேன் என்றாள். எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் போச்சு, உங்களைப் பார்த்துச்சா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படியே போவதும் வருவதுமாக இருந்தாள். மதியத்துக்குள் தினேஷ் கம்பியை விட்டுவிட்டு விளிம்பில் கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி முழுக்க எனக்கே கிடைத்தது.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் இரண்டு கார்களும் நின்றன. சூடாகக் கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கோமதி என் கையைக் கிள்ளினாள். "கேளுண்ணே. தாய்மாமன் நீதான் கேட்கணும். வரும்போதெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தா. எனக்கு உசிரே இல்ல."

கடை வரிசையில் நின்ற யாழினியிடம் போனேன். தலைமுடி உப்பில் காய்ந்து விறைத்திருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"தண்ணிக்குள்ள பேச முடியாது மாமா. எதைப் பார்த்தாலும் நம்மகிட்டேயே வச்சிக்கணும். அந்த மீனைப் பார்த்தப்ப, இதை உடனே அவர்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. மேல வந்தேன். அடுத்ததுக்கும் தோணுச்சு. அவரு தண்ணில எப்படி இருப்பாருன்னு பார்க்கத்தான் போனேன். பார்த்தது என்னைத்தான்." கண்கள் கலங்கின. "எனக்குச் சரி மாமா."

"அப்ப அம்மாகிட்ட சொல்லிரட்டா?"

"அவரை யாருமே இன்னும் கேட்கலையே. எட்டுப் பொருத்தம் பார்த்தீங்க, சூலம் பார்த்தீங்க. அவருக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு ஒருத்தர்கூடக் கேட்கல" என்றாள். பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, வாகன நிறுத்துமிடத்தின் அந்தப் பக்கம் நின்ற அவரை நோக்கி நடந்தாள்.

நாங்கள் நாலு பேரும் தூரத்தில் நின்று பார்த்தோம். அவள் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். திரும்பி வந்தாள்.

"என்னா சொன்னாரு?" என்றாள் கோமதி.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு."

கோமதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். யாழினியின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "எதுன்னாலும் ஓகேன்னு சொல்லல பார்த்தீங்களா?" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

தினேஷ் யோசித்தது அடுத்த ஓய்விடம் வரைக்கும்தான். அவருடைய கார் திரும்பி நின்றது. எங்களதும் பின்னாலேயே நின்றது. இறங்கி வந்து, யாழினி உட்கார்ந்திருந்த ஜன்னலருகே குனிந்தார்.

"எனக்கும் சரிங்க. ஆனா ஒண்ணு. ஹனிமூனுக்கு நான்தான் இடம் பார்ப்பேன். கேமரன் மலை."

"அங்க குளிருமே" என்றாள் யாழினி.

"கம்பளி நான் எடுத்துக்கிட்டு வரேன்."

கோமதி முன்சீட்டில் ஓவென்று அழுதாள். சேகரன் திருதிருவென்று விழித்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சபையில் உட்கார்ந்து பேசி முடித்த சம்பந்தங்கள் எத்தனையோ உண்டு. தாம்பூலத்தட்டை நீட்டுவது முதல் முறுக்கிக்கொண்ட சித்தப்பாவைச் சமாதானப்படுத்துவது வரை தாய்மாமனுக்கு எப்போதும் கை கொள்ளாத வேலை இருக்கும். அன்றைக்கு அந்தக் காரில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறிப்போன கெரோப்போக் பொட்டலத்தை வைத்துக்கொண்டு பின்சீட்டின் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்ததில்லை.